சட்டைப் பையில் அடங்குகிற ஃபோன் அப்பாவுக்குச் சரிப்படுமா?

தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: அப்பாவுக்கு 58 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற வேலை. போன வருடம் பெரிய ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்தார்களாம். அவர் அதை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். கேட்டால் “பலகையைத் தூக்கிக்கொண்டு எவன் போவான்” என்கிறார். 600 வெள்ளிக்குள் (ரிங்கிட்) சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒன்று கிடைக்குமா, நீங்களே இப்போது சின்ன ஃபோனுக்கு மாறிவிட்டீர்களாமே, எப்படி இருக்கிறது என்பது கேள்வி.

மாறியது உண்மைதான், தங்கச்சி. மூன்று வாரம் ஆகிறது. டவுனில் பதினேழு வருடமாக ஃபோன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன் என்பதால் என் கையில் எல்லா அளவும் வந்து போகும். ஆனால் பழுது பார்க்கிறவன் கையில் வைத்திருப்பது வேறு, சொந்த ஃபோனாகச் சுமப்பது வேறு. அதை இந்த மூன்று வாரத்தில்தான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன்.

நான் வாங்கியது சாம்சங் கேலக்ஸி எஸ்10இ. 2019 மார்ச்சில் விற்பனைக்கு வந்த செட். அன்றைக்கு நம் நாட்டில் அதன் விலை 2,699 வெள்ளி. நான் செகண்ட் ஹேண்டாக 480 கொடுத்தேன். மலிவு ஃபோனாகப் பிறந்ததல்ல, வயதாகி மலிவானது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மலிவாகவும் சின்னதாகவும் புதுப் பெட்டியில் வருகிற ஃபோன் இப்போது கடைகளில் அநேகமாக இல்லை. 2013இல் மோட்டோ ஜி 4.5 அங்குலத்தில் வந்தது. 2017இல் ரெட்மி 4எக்ஸ் 5 அங்குலத்தில் வந்தது. அது தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேரிடம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் திரை வளர்ந்துகொண்டே போனது. பெரிய உடலில் பெரிய பேட்டரியை வைப்பது சுலபம், செலவும் குறைவு. எல்லாவற்றையும் சின்ன இடத்தில் நெருக்கி அடைக்கத்தான் மூளையும் பணமும் வேண்டும். ஆகவே சின்னது வேண்டுமென்றால், ஒரு காலத்தில் விலை உயர்ந்ததாக இருந்து இறங்கி வந்த பழைய செட்டுகளில்தான் தேட வேண்டும். உங்கள் 600 வெள்ளிக்கு நல்ல பொருளும் கிடைக்கும், அதன் வயதும் கூடவே வரும்.

முதல் நாள் என்ன தோன்றியது என்று கேட்டால், எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் பதில். கால்சட்டைப் பையில் போட்டேன், மறந்துவிட்டேன். மத்தியானம் ஃபோனைக் காணோம் என்று கடையெல்லாம் தேடினேன், பையிலேயே இருந்தது. அதுவரை நான் வைத்திருந்தது 200 கிராம் எடையுள்ள கேலக்ஸி ஏ15. எஸ்10இ 150 கிராம். ஐம்பது கிராம் வித்தியாசம் சொல்லுக்குச் சின்னதாகத் தெரியும். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்துப் படிக்கும்போது ஒரு தடவை கைநழுவி மூக்கில் விழட்டும், அப்போது தெரியும்.

எடையைவிடப் பெரிய விஷயம் அகலம். இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் “எத்தனை இன்ச்?” என்றுதான் கேட்கிறார்கள். இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை உள்ள குறுக்களவு. பழைய திரைகள் கட்டையாக, அகலமாக இருக்கும். இப்போதையவை ஒல்லியாக நீண்டு இருக்கும். அதனால் இன்ச்சை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் சொன்ன ரெட்மி 4எக்ஸ் 5 இன்ச், இந்த எஸ்10இ 5.8 இன்ச். ஆனால் இரண்டின் உடல் அகலமும் ஏறக்குறைய ஒன்றே, 70 மில்லிமீட்டர். எடையும் இரண்டுக்கும் 150 கிராம்தான். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

கைக்குத் தெரிவது அகலம்தான். நான்கு விரலும் பின்னால் சுற்றிப் பிடித்து, கட்டை விரல் எதிர்ப் பக்க ஓரத்தைத் தொட வேண்டும். ஏ15 அகலம் 76.8 மில்லிமீட்டர், ரெட்மி 13சி 78. எஸ்10இ 69.9. ஆப்பிளின் 2020ஆம் ஆண்டு ஐஃபோன் எஸ்இ 67.3, ஐஃபோன் 12 மினி 64.2. எட்டு மில்லிமீட்டர் என்பது உங்கள் சுண்டு விரல் நகத்தின் அகலம் அளவுதான் இருக்கும். அந்த அளவு குறைந்ததும், ஒரு கையில் மோட்டார் சாவியும் மறு கையில் ஃபோனுமாக நிற்கும்போது செய்தியைத் திறந்து, படித்து, “சரி” என்று பதில் அனுப்ப முடிகிறது. பெரியதில் இதற்கு இரண்டு கை வேண்டும், இல்லாவிட்டால் ஃபோனை உள்ளங்கையில் நகர்த்தி நகர்த்திச் சர்க்கஸ் காட்ட வேண்டும். என் கடைக்கு உடைந்து வருகிற திரைகளில் பாதி, உடையவர்கள் சொல்கிற கதைப்படி, அந்தச் சர்க்கஸில் கீழே விழுந்தவைதான்.

அப்பா விஷயத்தில் அகலத்துக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. செம்பனை வெட்டுகிறவர் நிமிர்ந்தே நிற்பதில்லை. குலை விழுந்ததும் குனிந்து காம்பை வெட்ட வேண்டும், உதிரிப் பழம் பொறுக்க வேண்டும். அகலமான ஃபோன் சட்டைப் பைக்குள் முழுதாக இறங்காமல் கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்தால் சரிந்து விழும். எஸ்10இ 142 மில்லிமீட்டர் உயரம். வேலைச் சட்டையின் பை ஆழமாக இருந்தால் உள்ளே போய்விடுகிறது, மேலே பொத்தானும் போட முடிகிறது. என் அண்ணனின் வேலைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் பத்துத் தடவை குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். விழவில்லை. என் மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்து எழுதுவது. சின்ன ஃபோனில் விரல் தப்புத் தப்பாகப் படும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். எஸ்10இயின் திரை அகலம் 63 மில்லிமீட்டர். ஆங்கில விசைப்பலகையில் ஒரு வரிசைக்குப் பத்து எழுத்து, ஆக ஒரு எழுத்துக்கு 6.3 மில்லிமீட்டர். ரெட்மி 13சியின் திரை அகலம் 70, எழுத்துக்கு 7. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் தட்டுவதற்கு இரண்டு நாளில் கை பழகிவிட்டது.

தமிழில் கதை வேறு. தமிழ் 99 என்கிற விசைப்பலகை அமைப்பில் மேல் வரிசைக்கே 12 எழுத்து. அதை அப்படியே 63 மில்லிமீட்டரில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான். “ண”வைத் தொட்டால் “ட” விழுகிறது. இந்த இடத்தில் சின்ன ஃபோன் தோற்கிறது, நான் ஒத்துக்கொள்கிறேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சல் செய்து, 2005இல் கைபேசியில் தமிழ் எழுதச் செல்லினத்தைக் கொண்டுவந்தவர். அன்றைய செல்லினம் எண் பொத்தான் ஃபோனில் ஓடியது. பன்னிரண்டு பொத்தானில் தமிழ் எழுதியவர்கள் நாம். ஐந்து மில்லிமீட்டருக்கு அழக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வயது வேறு, கண் வேறு.

இதற்கு நான் கண்ட வழி, தட்டுவதை விட்டுவிட்டுப் பேசுவது. கூகுள் விசைப்பலகை 2017இலிருந்து தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதுகிறது. பேச்சு மொழிப் பட்டியலில் ‘தமிழ் (மலேசியா)’ என்று தனியாகவே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். “நாளைக்கு லோரி வராது, கங்காணிகிட்ட சொல்லிடு” என்றால் கொஞ்சம் செந்தமிழாக மாற்றி எழுதும், ஆனாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். அப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர் எப்படியும் குரல் பதிவுதான் அனுப்புவார் என்று நினைக்கிறேன். நம் ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லோரும் அப்படித்தான்.

கண் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் சின்னத் திரையில் வரிக்கு இரண்டு மூன்று தமிழ்ச் சொல்தான் நிற்கும். நம் சொற்கள் நீளம். “பதிவுசெய்யப்பட்டுள்ளது” என்று வந்தால் ஒரு வரியே போய்விடும். வாட்ஸ்அப்பில் இது சிரமமில்லை, செய்தி படிக்கிறவருக்குத்தான் சிரமம். அப்பா படிக்கிறவரா, கேட்கிறவரா, நீங்களே சொல்லுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். சின்ன ஃபோனின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஏ15இலும் ரெட்மி 13சியிலும் 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. எஸ்10இயில் 3,100. எஸ்இயில் வெறும் 1,821. அதுவும் புதிதாக இருந்தபோது. லித்தியம் பேட்டரி சுமார் ஐந்நூறு தடவை முழுதாக நிரம்பிக் காலியானால் அதன் கொள்ளளவு எண்பது சதவீதத்தை நெருங்கி இறங்கிவிடும். தினமும் சார்ஜ் போட்டால் அது இரண்டு வருடத்துக் கதை. நான் வாங்கிய செட்டில் இருந்தது ஆறு வருடத்துக்கு மேலான பேட்டரி. விற்றவர் “பேட்டரி இன்னும் டிப் டாப்” என்றார். காலை ஆறரைக்கு நிரப்பிக்கொண்டு கிளம்பினேன், பதினொன்றரைக்கு ஃபோன் அணைந்துவிட்டது. கடை என்னுடையது என்பதால் அன்றைக்கே மாற்றிவிட்டேன், நல்ல பேட்டரிக்கு 85 வெள்ளி அடக்கம். ஆக, பழைய செட் வாங்குகிறவர்கள் விலையோடு பேட்டரியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். 600 வெள்ளி என்றால் செட்டுக்கு 500க்கு மேல் போகாதீர்கள்.

புதுப் பேட்டரியோடு டவுனில் எனக்கு ஒரு நாள் தாங்குகிறது. ராத்திரி ஒன்பதுக்கு இருபது சதவீதம் மிச்சம். தோட்டத்தில் அப்படி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், குன்றுக்குப் பின்பக்கம், லைன் ஒரு கோடு வரும், போகும். ஒரு வீடியோகூடப் பார்க்கவில்லை, மத்தியானம் மூன்று மணிக்கு முப்பது சதவீதம். இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கோபுரம் தூரமாக இருந்தால் ஃபோன் தன் சத்தத்தை உயர்த்திக் கத்த வேண்டியிருக்கிறது; லைன் போய்விட்டால் விடாமல் தேட வேண்டியிருக்கிறது. இரண்டும் பேட்டரியைக் குடிக்கும். 5,000 உள்ள பெரிய ஃபோன் இதைத் தாங்கிக்கொள்ளும், சின்னது தாங்காது. அப்பா காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார் என்றால் கவலை இல்லை. வந்ததும் சார்ஜில் போட்டுவிட்டால் சாயங்காலம் கோயிலுக்கோ கடைக்கோ போகும்போது நிறைந்திருக்கும். ஆக, பேட்டரியின் அளவோடு வேலை நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எஸ்10இ தண்ணீர் புகாத செட் என்று பெட்டியில் போட்டிருக்கும், உண்மைதான். ஆனால் பேட்டரி மாற்ற முதுகுக் கண்ணாடியைக் கழற்றிய நிமிடமே அந்தப் பசைப் பட்டை போய்விட்டது. புதுப் பட்டை ஒட்டினாலும் முதலில் இருந்த நம்பிக்கை வராது. மழைக்காலத்தில் பத்துக் காசு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தொடுதிரை பைக்கு மேலேயே வேலை செய்யும்.

இன்னொன்று, இதை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள். கைரேகை. எஸ்10இயில் ரேகை பார்க்கிற இடம் பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கிறது. என் விரலுக்குப் பொத்தானைத் தொட்ட உடனே திறக்கிறது, அருமை. அதே ஃபோனில் அண்ணனின் விரலைப் பதிவு செய்து பார்த்தேன். பத்தில் மூன்று தடவைதான் திறந்தது. ஃபோனைக் குறை சொல்ல முடியாது. இருபத்தைந்து வருடம் அரிவாள் கம்பைப் பிடித்த விரலில் ரேகை எங்கே மிச்சம்? என் அம்மா ரப்பர் பால் மரம் வெட்டியவர். அடையாளக் கார்டுக்குக் கட்டை விரலை வைக்கச் சொல்லும் கவுண்டர்களில் நாலு தடவை, ஐந்து தடவை துடைத்துத் துடைத்து வைப்பார். ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி முகம் வாடிப்போய் நிற்பார், அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். அப்பாவிடம் முதலில் விரலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ரேகை தேய்ந்திருந்தால் ஆறு எண் கொண்ட ரகசிய எண்ணே போதும். வேண்டுமானால் ஒரே விரலை இரண்டு மூன்று தடவை வெவ்வேறு கோணத்தில் பதிவு செய்து வையுங்கள், கொஞ்சம் உதவும். முகத்தைப் பார்த்துத் திறக்கிற ஐஃபோன் 12 மினி இந்த இடத்தில் ஜெயிக்கிறது, விடிவதற்கு முன் இருட்டிலும் திறக்கும். 133 கிராம். நம் பழைய நோக்கியா 3310இன் எடையும் சரியாக அதேதான். ஆனால் அதற்கு நல்ல செட் தேடினால் உங்கள் 600ஐத் தாண்டும்.

கேமரா நன்றாக இருக்கிறது. பகலில் எடுத்த படத்தை இப்போதைய 800 வெள்ளி ஃபோன் படத்தோடு வைத்துப் பார்த்தேன், பழையதே தெளிவு. ராத்திரியில் சுமார். அப்பாவுக்கு இது முக்கியமாக இருக்காது, மேலே போவோம்.

வாங்குவதற்கு முன் லைனைச் சோதியுங்கள். நம் நாட்டில் 3ஜியை 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது மிச்சம் 4ஜி, 5ஜி, பேசுவதற்கு 2ஜி. 4ஜியிலேயே பேச முடிகிற வசதிக்கு வோல்டி என்று பெயர். அது வேலை செய்யாத செட்டாக இருந்தால் அழைப்பு வரும்போதெல்லாம் ஃபோன் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கிற வரை வாட்ஸ்அப் நின்றுவிடும், குரலும் கரகரக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த செட்டுகளில் இந்தத் தொல்லை அதிகம். சின்ன ஃபோன் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மாதிரி செட்டில்தான் போய் விழுகிறார்கள், ஏனென்றால் சின்னவை அங்கேதான் மலிவு. சோதிப்பது சுலபம். உங்கள் சிம்மைப் போட்டு யாரையாவது அழையுங்கள். பேசும்போது மேலே 4ஜி அடையாளம் அப்படியே நின்றால் பிழைத்தீர்கள். அது மறைந்து ‘இ’ என்பதற்குரிய ஆங்கில எழுத்து வந்தால் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. இந்தச் சோதனையைக் கடைக்குள் செய்தால் போதாது, முடிந்தால் உங்கள் வீட்டு வாசலில் செய்யுங்கள். டவுனில் நான்கு கோடு காட்டுகிற செட் தோட்டத்தில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

சோதனைகளில் இன்னும் இரண்டு. நட்சத்திரம், வேலி, 06, வேலி (*#06#) என்று தட்டினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்த ஃபோனின் தனி அடையாள எண் வரும். அது பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சாம்சங் செட்டில் நட்சத்திரம், வேலி, 0, நட்சத்திரம், வேலி (*#0*#) என்று தட்டினால் சோதனைப் பக்கம் திறக்கும், திரையை ஒரே நிறமாக ஆக்கிப் பார்க்கலாம். இந்த வகைத் திரைகளில் வருடக்கணக்காக ஒரே படம் நின்றிருந்தால் நிழல் மாதிரி படிந்துவிடும். நான் முதலில் வாங்கப் போன செட்டில் விசைப்பலகையே பேய் மாதிரி தெரிந்தது, அந்தக் கடைக்காரர் “அது டிசைன்” என்றார். அப்புறம், பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ உள்ளே இருக்கக் கூடாது. உங்கள் கண் முன்னால் முழுவதும் அழித்து, முதலிலிருந்து தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் அப்பாவுக்கு எஸ்10இயையே வாங்குங்கள் என்று சொல்வேனா? ஒரு நிபந்தனையோடுதான் சொல்வேன். அந்த செட் ஆண்ட்ராய்டு 12ஓடு நின்றுவிட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2023இல் நின்றுவிட்டது. பேச, படம் பார்க்க, வாட்ஸ்அப்புக்கு ஒன்றும் குறையில்லை. சம்பளம் விழுகிற வங்கிக் கணக்கை அதில் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்ன பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் வருகிற ஒருமுறை எண்ணை விட்டுவிட்டு, பணம் போவதற்கு ஃபோனிலுள்ள செயலியிலேயே ஒப்புதல் கேட்கின்றன. ஒரு கணக்குக்கு ஒரு ஃபோன்தான். கணக்கின் சாவியே அந்த ஃபோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி சட்டைப் பையில் செம்பனைக் காட்டுக்குள் சுற்ற வேண்டுமா?

என் யோசனை இது. அலமாரியில் தூங்குகிற பெரிய ஃபோனைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கிச் செயலி, பணப்பைச் செயலி டச் என் கோ, சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே எல்லாம் அதிலேயே வீட்டில் இருக்கட்டும். வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் சின்ன ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். சிம்மைச் சின்ன ஃபோனுக்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பை 2023இலிருந்து ஒரே எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோனில் வைத்துக்கொள்ள முடிகிறது. ஆகவே காட்டில் வந்த செய்தியை ராத்திரி பெரிய திரையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். சின்னது தொலைந்தாலோ, லோரிச் சக்கரத்தில் போனாலோ, போனது 500 வெள்ளி மட்டும்தான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்ட பிறகும் 500 என்பது சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் சேமிப்பு முழுதும் போவதற்கு அது எவ்வளவோ தேவலை.

ஒரே ஃபோன்தான் வைத்துக்கொள்வார், வங்கியும் அதில்தான் என்றால் 2020ஆம் ஆண்டு ஐஃபோன் எஸ்இயைப் பாருங்கள். 148 கிராம், கீழே அமுக்குகிற வட்டப் பொத்தான் இருக்கிறது. ‘எங்கே போனாலும் இதை அமுக்குங்கள், முதல் பக்கம் வந்துவிடும்’ என்று சொன்னால் வயதானவர்களுக்கு உடனே பிடிபடும். வயது ஐந்துக்கு மேல் ஆகியும் 2025இல் வந்த ஐஓஎஸ் 26 அதற்கும் கிடைத்தது. குறை, திரை 4.7 இன்ச்தான், பேட்டரியும் நான் சொன்ன அந்த 1,821. புதுப் பேட்டரி போட்டாலும் மத்தியானம் ஒரு தடவை சார்ஜ் கேட்கும். ரேகைத் தொல்லையும் இதில் உண்டு.

எந்த ஃபோனாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏதாவது செயலிக் கோப்பு வந்தால் தொடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள். உண்மையான பத்திரிகையை நம் ஆட்கள் தேங்காய் பழத்தோடு வீட்டுக்கே வந்து வைப்பார்கள். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997க்கு அழைக்க வேண்டும், அந்த எண்ணை ஃபோனின் முதல் பக்கத்திலேயே போட்டு வையுங்கள்.

நான் திரும்ப ஏ15க்குப் போவேனா என்று கேட்பீர்கள். வீட்டில் பிள்ளைகள் அதில் பாடம் பார்க்கிறார்கள், இருக்கட்டும். மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அதைத் தேடினேன். ராத்திரி பத்து மணிக்கு மின்சாரம் போய், சின்னதில் எட்டு சதவீதம் மட்டும் இருந்தபோது.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எஸ்10இ, எஸ்இ இரண்டையும் கையில் கொடுக்கிறேன். வெள்ளைச் சட்டை போட்டு வர வேண்டாம், வேலைக்குப் போடுகிற சட்டையிலேயே வரச் சொல்லுங்கள்.